மெர்போக் ஆற்றில் குடும்ப விழா: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ரைன், டானூப் ஆறுகளில் கப்பலேறிப் பிறந்தநாளும் மணநாளும் கொண்டாடும் ஐரோப்பியக் குடும்பங்களை நம் பிள்ளைகள் கைபேசியில் பார்க்கிறார்கள். "தாத்தாவுக்கு எண்பது வருகிறதே, நாமும் இப்படிச் செய்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை 65 கிலோமீட்டருக்குக் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களுமாக நீளும் ரைன் பள்ளத்தாக்கு 2002-இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமானது. வசதியுள்ளவர்கள் கட்டாயம் போய்வரலாம். ஆனால் அந்தப் பயணங்களில் குடும்பங்கள் நெகிழ்ந்து போவதற்குக் கோட்டைகள் மட்டுமா காரணம்? மூன்று தலைமுறை ஒரே மேசையைச் சுற்றி உட்கார்கிறது. அடுப்படிக்கு ஓட யாருமில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டு எழுந்து போகவும் வழியில்லை. பேசுவதற்கும் கேட்பதற்கும் நேரம் தானாக வருகிறது.

அந்த நேரம் கெடாவிலேயே கிடைக்கும். சுங்கைப்பட்டாணியிலிருந்து கொஞ்ச தூரத்தில் மெர்போக் ஆறு ஓடுகிறது. சுமார் 35 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. அதன் இரு கரையிலும் ஏறத்தாழ 4,000 ஹெக்டேர் அலையாத்திக் காடு. வடக்கே 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை, மேற்கே தஞ்சோங் டாவாய் முகத்துவாரம். பீடோங், சுங்கை பத்து, சுங்கைப்பட்டாணித் தோட்டங்களில் ஆயுள் முழுக்கப் பால் மரம் வெட்டிய நம் பெரியவர்களில் எத்தனையோ பேர் இந்த ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து, வண்டி சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அவர்களுக்காகத்தான் இந்த விழா. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அதை மனதில் வைத்துச் சொன்னது.

செய்ய வேண்டியவை

சனிக்கிழமையைப் பிடியுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் உறவுகளுக்குச் சனியும் ஞாயிறும். இரு பக்கத்துக்கும் பொதுவாகக் கிடைப்பது சனி ஒன்றுதான். வெள்ளியன்று வைத்தால் நண்பகல் தொழுகை நேரத்தில் படகுக்காரர்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள். ரமலான் மாதமென்றால் காலையிலேயே போய்த் திரும்பிவிடுங்கள். நோன்பிருப்பவரை மதிய வெயிலில் படகோட்ட வைத்து நாம் விருந்து கொண்டாடுவது முறையல்ல.

நாள் பார்க்கும்போது நீர்மட்டத்தையும் பாருங்கள். மெர்போக் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வற்றும் நேரத்தில் கிளை ஓடைகளுக்குள் படகு போகாது. போனால் சேற்றில் தட்டும். படகுத்துறையின் படிகளும் பாசியோடு வெளியே தெரியும், பெரியவர்கள் அதில் இறங்குவது ஆபத்து. முகூர்த்தம் குறித்துத் தரும் ஐயர் ஒருவர் இருப்பதுபோல் இதற்குப் படகுக்காரர் இருக்கிறார். இரண்டு மூன்று தேதிகளைச் சொல்லி, "அபாங், எந்த நாள், எத்தனை மணிக்கு நீர் நன்றாக இருக்கும்?" என்று அவரிடமே கேளுங்கள். பெரிய ஆறுகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2018-இல் ரைன் வற்றியபோது கப்பல் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

காலையில் கிளம்புங்கள். நான்கு மணிக்கு எழுந்து, இருட்டிலேயே பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துப் பழகிய உடம்பு அவர்களுடையது. எட்டு மணிக்கு அவர்கள் தெளிவாக இருப்பார்கள், வெயிலும் ஏறியிருக்காது. பிற்பகலில் ஜெராய் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் இடியோடு மழை இறங்கும், திறந்த படகில் ஒதுங்க இடம் கிடையாது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை கெடாவில் பொதுவாக மழை குறைவு. தீபாவளியை ஒட்டி வைப்பவர்கள் மழைக்கு மாற்றுத் தேதி ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

படகு பேசும்போது மூன்றைக் கேளுங்கள்: கடல் துறையின் உரிமம் இருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம், குழந்தைகள் அளவில் மிதவைச் சட்டை உண்டா. செமிலிங் படகுத்துறையிலும் தஞ்சோங் டாவாயிலும் படகு கிடைக்கும். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதும் செமிலிங்கில்தான். பேரப்பிள்ளையின் பட்டமளிப்புக்கு வரும் குடும்பங்கள், மறுநாள் காலையை ஆற்றுக்கு ஒதுக்கினால் ஒரே செலவில் இரண்டு கொண்டாட்டமும் முடியும். கூட்டம் பெரிதென்றால் இரண்டு படகாகப் பிரியுங்கள். ஆனால் அண்ணன் குடும்பம் ஒன்றில், தங்கை குடும்பம் இன்னொன்றில் என்று பிரிக்காதீர்கள். ஒவ்வொரு படகிலும் பெரியவர் ஒருவர், அவரிடம் கதை கேட்கும் பொறுமையுள்ள பிள்ளைகள் சிலர் என்று கலந்து உட்கார வையுங்கள்.

பெரியவரைப் படகில் ஏற்றும் முறையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விழாவே கெட்டுப்போகக்கூடிய இடம் இதுதான். துறைக்கும் படகுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி, படகு ஆடிக்கொண்டே இருக்கும். படகுக்குள் ஒருவரும் துறையில் ஒருவருமாகத் திடமான ஆட்கள் இருவர் நிற்க வேண்டும். விரல்களைப் பிடித்து இழுக்காமல் முழங்கைக்குக் கீழே தாங்க வேண்டும். ஏறுபவரின் கால் படகின் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் விழக்கூடாது. பாட்டிமார் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்ளலாம்; அவர்களுக்கு அது புதிதல்ல, அப்படித்தான் காலையெல்லாம் நிரைக்கு நிரை நடந்தார்கள். செருப்பு வழுக்கினால் வெறுங்காலே மேல். எல்லாரும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும் நேரமல்ல அது.

மருந்து, கழிப்பிடம் இரண்டையும் கூச்சப்படாமல் பேசுங்கள். சின்னப் படகில் கழிப்பிடம் கிடையாது. நீர் பிரிய மாத்திரை போடும் பெரியவர்கள் அன்று அதை எப்போது எடுப்பதென்று முந்திய வாரமே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளட்டும். இனிப்பு நீர் உள்ளவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். அவசரமென்றால் 999, அருகில் பெரிய மருத்துவமனை சுங்கைப்பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை.

மாலை, நலங்கு, ஆசீர்வாதம் எல்லாவற்றையும் கரையிலேயே முடித்துவிடுங்கள். காலில் விழுந்து கும்பிடத் தரை வேண்டும். படகில் விபூதியும் குங்குமமும் போதும். சாப்பாட்டுக்குப் புளிச்சாதம், தயிர்சாதம், வாழையிலையில் கட்டிய நாசி லெமாக். ஊற்றிக் குடிக்க வேண்டிய எதுவும் வேண்டாம். படகுக்காரருக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கும்போது அவர் சாப்பிடக்கூடியதா என்று கேட்டு வையுங்கள். கடையில் வாங்கிய ஹலால் பொட்டலமென்றால் அவருக்கும் தயக்கமிருக்காது.

இனி, முக்கியமானதற்கு வருகிறேன். படகு ஆற்றின் நடுவுக்கு வந்ததும், இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். பெரியவரைப் பேச விடுங்கள்.

தண்ணீரில் மிதக்கும்போது பேச்சு எங்கே போகுமென்று சொல்ல முடியாது. எங்கள் படகில் வந்த பாட்டி ஒருவர் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. கரையோரம் ஒரு மரம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. வலது கையைக் கத்தி பிடிப்பதுபோல் மடக்கி, பட்டையில் படாமலேயே மேலிருந்து கீழாகச் சாய்த்து ஓர் இழுப்பு இழுத்தார். "இதுல எங்க பால் வரப்போவுது" என்றார். அதற்குப் பிறகு அவரை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மங்கு துடைத்தது, கோட்டுப்பால் உரித்தது, மழை பெய்த நாளில் வேலையில்லாமல் சம்பளம் போனது, வாளி சரிந்து பாலெல்லாம் மண்ணில் போனதற்கு மண்டோரிடம் வாங்கிய ஏச்சு எல்லாம் வந்தன. கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒருத்தி கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "ஆயா, அந்தக் கையை இன்னொரு தடவை காட்டுங்க" என்றாள்.

பெரியவர் தானாகத் தொடங்காவிட்டால் கேட்கும் விதத்தில் கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்றால் "கஷ்டம்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "பிரட்டில் யார் பெயர் கூப்பிடுவார்?", "லயத்தில் நம் வீட்டுக்கு அடுத்த வீடு யாருடையது?", "திருவிழாவுக்குச் சாமி எந்தப் பாதையில் வரும்?" என்று கேளுங்கள். கப்பலைப் பற்றியும் கேளுங்கள். ஆற்றுக் கப்பலில் போக ஆசைப்படும் இந்தக் குடும்பங்கள் முதலில் வந்ததே கப்பலில்தான். 1926-இல் கட்டப்பட்ட 'ராஜுலா' 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதற்குப் பிறகு வந்த 'சிதம்பரம்' 1985 தீ விபத்தோடு நின்றுபோனது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தலில் கிடந்து, பிறகு தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்த தாத்தாவின் அப்பாவைப் பற்றி இன்று வாய்மொழியாகச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இந்தப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். படம் முக்கியமில்லை, குரல்தான் முக்கியம். காற்றிரைச்சல் விழாமல், கைபேசியை அவர் மடியருகே ஒரு துணிக்குள் வைத்தால் போதும்.

வயதானவரிடம் நாம் கிண்டிவிட வேண்டாத இடமும் ஒன்று உண்டு. 1942-க்கும் 1945-க்கும் இடையே ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பாத குடும்பங்கள் பல. பெரியவராக அந்தப் பேச்சை எடுத்தால் எல்லாரும் அமைதியாகக் கேளுங்கள். எடுக்காவிட்டால் பிறந்தநாள் அன்று நாமாகக் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு நாள், வீட்டில், தனியாக உட்கார்ந்து கேட்கலாம்.

திரும்பும் வழியில் மெர்போக் பட்டணத்தருகே பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். புக்கிட் பத்து பஹாட் சண்டி அங்கேதான் இருக்கிறது. ஓடும் நீரின் சத்தம் கேட்கும் மேட்டில், கருங்கல் அடித்தளத்தோடு நிற்கும் கோயில் அது. பட்டினப்பாலை சொல்லும் காழகத்துக்கு நச்சினார்க்கினியர் கடாரம், அதாவது நம் கெடா, என்றே உரை எழுதினார். 1025-இல் ராஜேந்திர சோழனின் படை வந்தது உண்மை. ஆனால் பிள்ளைகளிடம் படையெடுப்பை மட்டும் பெருமையாகச் சொல்லி நிறுத்திவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே இங்கே துறைமுகம் இருந்தது. 2009 முதல் சுங்கை பத்துவில் தோண்டியவர்கள் இரும்பு உருக்கிய உலைகளையும் படகுத்துறைகளின் எச்சங்களையும் கண்டெடுத்திருக்கிறார்கள். வாணிகத்துக்கு வந்தவர்கள், உலையில் வெந்தவர்கள், பின்னால் ரப்பருக்கு வந்தவர்கள் எல்லாரும் இந்த ஒரே ஜெராய் மலையைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார்கள்.

செய்யக்கூடாதவை

படகில் கற்பூரம், விளக்கு, மெழுகுவர்த்தி எதுவும் ஏற்றாதீர்கள். பெரும்பாலும் ஃபைபர் படகு, பின்னால் பெட்ரோல் டாங்கி. பிள்ளைகள் கேக்கில் மெழுகுவர்த்தி இல்லையே என்று சிணுங்கினால், துறையில் ஊதிவிட்டு ஏறச் சொல்லுங்கள். ஆற்றுக் காற்றில் எப்படியும் அது எரியாது.

மது வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆடும் படகில், ஆழம் தெரியாத நீரில் குடித்தவருக்கும் அவரைத் தூக்கப் பாய்கிறவருக்கும் சேர்த்தே ஆபத்து. இன்னொரு காரணமும் உண்டு. 1940-களின் நடுவில், இதே பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி கட்டிய தொண்டர் படை, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. அடிபட்டும் சிறைபோயும் நம்மவர்கள் நடத்திய போராட்டம் அது. சம்பளம் கள்ளுக்கடையில் போன நாட்களைக் கண்ணால் பார்த்த பாட்டி ஒருவர் அந்தப் படகில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவர் முன்னால் புட்டியைத் திறக்காதீர்கள்.

பலூன் பறக்கவிடாதீர்கள், மினுமினுக்கும் காகிதத் துணுக்குகளைத் தூவாதீர்கள். நெகிழி நாரில் கட்டிய மாலையை ஆற்றில் விடாதீர்கள். பூவை உதிர்த்து விட்டுவிட்டு நாரை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். 30-க்கு மேற்பட்ட அலையாத்தி வகைகள் நிற்கும் காடு இது. இவ்வளவு சிறிய பரப்பில் இத்தனை வகைகள் அமைவது அபூர்வம். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்குள்தான். ஆற்றில் கூண்டு கட்டிக் கொடுவா வளர்ப்பவர்களுக்கும், முகத்துவாரத்தில் வலை வீசுபவர்களுக்கும் அதுவே சோறு. 2004 டிசம்பர் 26 அன்று கோத்தா கோலமூடாவில் ஆழிப்பேரலை ஏறியதை நாம் மறக்க முடியாது. உடைந்த படகுகளை வைத்து எழுப்பிய நினைவிடம் அங்கே நிற்கிறது. கடலோரத்தில் மரம் நிற்பதன் அருமையைக் கெடாக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

கிளைகளை ஒடிக்காதீர்கள். அலையாத்திக் காட்டில் தில்லை என்ற மரமும் வளரும். ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் கொப்புளம். ரப்பர் மரப் பால் என்று நினைத்துத் தொடும் ஆசை தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் அதிகம் வரும்.

குரங்குகளுக்கும் பருந்துகளுக்கும் தீனி போடாதீர்கள், படகுக்காரர் போட முன்வந்தாலும் வேண்டாமென்று சொல்லுங்கள். மெர்போக்கைவிட லங்காவியில் இது பெரிய தொல்லை. கோலக் கெடாவில் ஃபெர்ரி ஏறி லங்காவிக்குப் போய், கிலிம் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே படகில் சுற்றும் குடும்பங்கள் நிறைய. 2007-இல் தென்கிழக்காசியாவின் முதல் யுனெஸ்கோ புவிப்பூங்காவாக ஏற்கப்பட்ட தீவு அது. அங்கே கோழித்தோலை நீரில் வீசிப் பருந்துக் கூட்டத்தை வரவழைப்பார்கள். செம்பழுப்பு உடல், வெள்ளைத் தலை: நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பறவைதான். தோலும் கொழுப்பும் தின்று பழகிய பறவை இரைதேட மறந்துபோகிறது. கருடன் வட்டமிடுவதைக் கும்பிடுகிற நாம் அதற்குக் கழிவை வீசக்கூடாது.

ஒலிபெருக்கி வேண்டாம். கரையோரம் கம்பத்து வீடுகள் இருக்கின்றன, யாராவது தொழுதுகொண்டிருப்பார்கள், யாராவது இரவு மீன் பிடித்துவிட்டு உறங்கிக்கொண்டிருப்பார்கள். பாட்டு வேண்டுமென்றால் பாடத் தெரிந்த சித்தி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்.

வீட்டுச் சண்டைகளைப் படகுக்குக் கொண்டுவராதீர்கள். தோட்டம் கைமாறி, லயத்தை விட்டு வெளியேறியபோது யாருக்கு என்ன கிடைத்தது, யார் தாமானில் முதலில் வீடு வாங்கினார், யார் அம்மாவை வைத்துப் பார்த்தார் என்ற கணக்குகள் எல்லா வீட்டிலும் தீராமல் கிடக்கின்றன. கரையில் என்றால் ஒருவர் எழுந்துபோய் ஆறிவிட்டு வருவார். படகில் அது முடியாது. மொய்யோ அங்பாவோ, யார் எவ்வளவு போட்டார் என்ற பேச்சும் கரையோடு இருக்கட்டும்.

ஆற்றைப் பார்த்ததும் பெரியவர் கண் கலங்கினால் உடனே சமாதானப்படுத்தப் பாயாதீர்கள். நம்மில் பலருக்கு ஆறும் கடலும் என்றால் அஸ்தி கரைக்கப் போன நினைவுதான். கணவனையோ பிள்ளையையோ அந்த நீரில் விட்டவராக இருக்கலாம். கொஞ்ச நேரம் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

திரும்பி வந்த பிறகு

தஞ்சோங் டாவாயில் இறங்கினால் கருவாடு, நெத்திலி, பெலாச்சான் வாங்காமல் யாரும் வரமாட்டார்கள்; அதை நான் சொல்லித் தரவேண்டாம். காரில் வைப்பதற்குமுன் இரண்டு பைகளாகக் கட்டிவிடுங்கள்.

பதிவு செய்த குரலை அதே வாரத்தில் ஒருவர் கேட்டு எழுதட்டும். பாட்டி பேசியபடியே எழுதுங்கள், பள்ளிக்கூடத் தமிழாக்கித் திருத்த வேண்டாம். சுங்கைப்பட்டாணி எழுத்தாளர் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலைப் படித்துப் பாருங்கள். தோட்டத்துப் பேச்சு எழுத்தில் எவ்வளவு உயிரோடு நிற்கும் என்பது புரியும். பிறகு எல்லாரும் சேர்ந்து எடுத்த படத்தை அச்சிட்டு, ஒவ்வொருவர் பெயரையும், பெரியவர் பிறந்த தோட்டத்தின் பெயரையும், அவர் பால் வெட்டிய நிரையின் எண் நினைவிருந்தால் அதையும் பின்பக்கம் எழுதுங்கள். சிங்கப்பூருக்குப் போன சித்தப்பா வீட்டுக்கும், ஜொகூரில் இருக்கும் அத்தை வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். போதாது.